ஹோம் தியேட்டருக்கு ஃபோம் ஒட்டச் சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள்

வீட்டில் ஹோம் தியேட்டர் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். எங்கள் மாடி அறை 11-க்கு 11 அடி. தரையில் டைல்ஸ், மேலே கான்கிரீட். ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்தான். ஆனால் பேஸ் எனப்படும் கனத்த கீழ்சுர ஒலியைத் தரும் பேஸ் கிட்டார் ஒரு குறிப்பிட்ட சுரத்தைத் தொடும்போதெல்லாம் அறையே கும்மென்று அதிரும். விற்ற கடையிலிருந்து வந்தவர் அறையை அளக்கக்கூட இல்லை. "சுவர் பூரா அக்கூஸ்டிக் ஃபோம் ஒட்டிட்டா பேஸ் சுத்தமாயிடும் சார், பக்கத்து வீட்டுக்கும் சத்தம் போகாது" என்றார். 38,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு அங்குலத் தடிமனில் ஸ்பாஞ்ச் போன்ற அந்த ஃபோமை ஒட்டிவிட்டுப் போனார்.

அதிர்வு அப்படியே இருந்தது. குரலும் ஜால்ராவும் மட்டும் மங்கிப்போயின. கேட்டால், ஸ்பீக்கர் ஒயரை மாற்றணுமாம், அதற்கு இன்னொரு 12,000.

விஷயம் இதுதான். 11 அடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் சுவர்களுக்கு நடுவே சுமார் 51 ஹெர்ட்ஸ் ஒலி, அதாவது விநாடிக்கு 51 முறை அதிரும் கீழ்சுர ஒலி, மோதித் திரும்பி வலுத்துக்கொண்டே போகும். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் இரண்டு பக்கமும் அதே ஒலிதான் ஏறும். அந்த அலையின் நீளம் 22 அடி. ஒரு அங்குல ஃபோம் அதை எப்படிப் பிடிக்கும்? மேல்சுர ஒலிகளைத்தான் அது உறிஞ்சும். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாமலிருக்க, கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும்.

செலவில்லாமல் பலன் தந்தது வேறு. பின்சுவரோடு ஒட்டிக் கிடந்த சோபாவை முன்னால் இழுத்தோம், ஏனென்றால் சுவரோரம்தான் அந்த ஒலி உச்சத்தில் இருக்கும். மூலையில் இருந்த ஸ்பீக்கர்களையும் நகர்த்தினோம். மூலை பேஸை ஊதிப் பெருக்கும். பின்பக்கம் துளை உள்ள ஸ்பீக்கர் சுவரை ஒட்டி இருந்தால் இன்னும் மோசம். அதிர்வு பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. கைதட்டினால் கணகணவென்று எதிரொலிப்பதற்குத் தடித்த கம்பளமும் திரைச்சீலையும் போதும்.

எனக்கு ஆறாத கோபம் இன்னொன்றில். சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் தீப்பிடித்தால் மளமளவென்று எரிந்து நச்சுப்புகை கக்கும். குழந்தைகள் படம் பார்க்கும் அறை அது. தீத்தடுப்புச் சான்று கேட்டேன், காட்டவே இல்லை. பிய்த்தெடுத்தபோது பெயின்டும் சேர்ந்து வந்தது.

அறையை அளக்காமல் விலை சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஜிஎஸ்டி ரசீது கேட்டு வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் நான் புகார் செய்தபோது அந்த ரசீதுதான் கைகொடுத்தது.