கோஷிவொன், வொல்சே, ஜொன்சே: கொரியாவில் முதல் வீட்டுக்கு எது தோது?

சியோலில் வாடகை விளம்பரம் எதைத் திறந்தாலும் 1000/60, 500/50, 300/40 என்று எண்கள்தான் வரும். அலகு பத்தாயிரம் வொன். 1000/60 என்றால் அட்வான்ஸ் 1 கோடி வொன், மாத வாடகை 6 லட்சம் வொன். புதிதாக வருபவர்கள் கோட்டுக்கு வலப்பக்க எண்ணை வைத்துத்தான் பேரம் பேசுவார்கள். இடப்பக்க எண்தான் ஆபத்தானது. வாடகையில் ஏமாந்தால் மாதம் ஐம்பதாயிரம் வொன் நட்டம்; அட்வான்ஸ் சிக்கிக்கொண்டால் கோர்ட், ஏலம் என்று அலைய வேண்டும், அதற்குள் விசாவும் முடிந்துவிடும்.

வெளிநாட்டவருக்கு நடைமுறையில் மூன்று வழிகள். அட்வான்ஸே இல்லாத, அல்லது ஓரிரு லட்சத்தோடு முடிகிற கோஷிவொன். அட்வான்ஸும் மாத வாடகையும் சேர்ந்த வொல்சே. மொத்தத் தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையே இல்லாமல் இருக்கும் ஜொன்சே. கடைசியது நமக்குப் புதிதல்ல. ஊர்ப்பக்கம் ஒத்தி, போக்கியம் என்றும் சென்னையில் லீஸ் என்றும் சொல்கிறோமே, அதே ஏற்பாடுதான்.

கோஷிவொன்

அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக உருவான குட்டி அறைகள் இவை. கட்டிலும் மேசையும் போட்டால் அறை முடிந்தது. சியோலில் மாதம் 3 முதல் 5 லட்சம் வொன். கரண்ட், தண்ணீர், ஹீட்டர், இன்டர்நெட் எல்லாம் அதற்குள்ளேயே. பொதுச் சமையலறையில் சோறும் கிம்ச்சியும் இலவசம், பல இடங்களில் ராம்யொன் நூடுல்ஸ் பாக்கெட்டும். மாதக் கணக்குதான், ஒப்பந்தச் சிக்கல் கிடையாது.

விலையைத் தீர்மானிப்பது ஜன்னல். விளம்பரத்தில் "ஜன்னல் உண்டு" என்று இருந்தால் அது கட்டடத்துக்கு வெளியே திறக்கிறதா, உள் நடைவழிக்குத் திறக்கிறதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் வாடகை வேறு, காற்றும் வேறு. 2018 நவம்பரில் சியோல் ஜொங்னோவில் ஒரு கோஷிவொனில் தீப்பிடித்து ஏழு பேர் இறந்தார்கள். அதன் பிறகு சியோல் மாநகர விதி மாறியது: 2022 ஜூலை முதல் புதிதாகக் கட்டும் கோஷிவொன் அறை குறைந்தது 7 சதுர மீட்டர், உள்ளேயே குளியலறை இருந்தால் 9 சதுர மீட்டர், வெளி ஜன்னலும் கட்டாயம். பழைய கட்டடங்களுக்கு இது பொருந்தாது. ஆகவே அறையைப் பார்க்கப் போகும்போது அவசரப் படிக்கட்டு எங்கே, அதில் சாமான் அடுக்கியிருக்கிறார்களா என்று ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

தினமும் தாளித்துச் சமைத்தால்தான் சாப்பாடு இறங்கும் என்பவருக்கு இது ஒத்துவராது. பொதுச் சமையலறையில் கடுகு வெடித்தால் முதல் வாரமே புகார் வரும். ஏஆர்சி எனப்படும் வெளிநாட்டவர் பதிவு அட்டை கைக்கு வரும்வரை தங்க மட்டும் இதைவிட மலிவான, சிக்கலற்ற வழி இல்லை. அட்டைக்கான விண்ணப்பத்தில் இந்த முகவரியைக் காட்ட உரிமையாளர் தங்குமிடச் சான்று எழுதித் தருவாரா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் தர மாட்டார்கள்.

வொல்சே

ஒரு வருடக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1000/60 ஒற்றை அறை வீட்டில் வாடகை 72 லட்சம். மாதப் பராமரிப்புக் கட்டணம் 80 ஆயிரம் என்று வைத்தால் 9.6 லட்சம். தரகு 2.8 லட்சம். ஆக 84.4 லட்சம் வொன். கரண்ட், கேஸ் தனி. 4.5 லட்ச வாடகையில் கோஷிவொன் என்றால் வருடத்துக்கு 54 லட்சம். மாதம் இரண்டரை லட்சம் கூடுதலாகக் கொடுத்துச் சொந்த அடுப்பும், குளியலறையும், கதவைச் சாத்திக்கொள்ளும் சுதந்திரமும் வாங்குகிறீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் இருக்கப் போகிறவருக்கு அது தகும் என்பதே எங்கள் கணிப்பு.

தரகுக்கு அரசு உச்சவரம்பு இருக்கிறது. மாத வாடகையை 100 ஆல் பெருக்கி அட்வான்ஸோடு கூட்ட வேண்டும். 1000/60 க்கு அது 7 கோடி. சியோலில் 5 முதல் 10 கோடிக்குள் 0.4 சதவீதம், அதிகபட்சம் 3 லட்சம். கூட்டுத்தொகை 5 கோடிக்குக் குறைந்தால் 100 க்குப் பதில் 70 ஆல் பெருக்க வேண்டும், விகிதம் 0.5, அதிகபட்சம் 2 லட்சம். 300/40 க்கு இப்படிப் போட்டால் 1.55 லட்சம்தான் வரும். இதற்கு மேல் 10 சதவீத வாட் வரி சேரலாம். வேறு எதற்கும் கூடுதல் காசு கிடையாது.

பராமரிப்புக் கட்டணம் என்ற பெயரில்தான் வாடகையை ஒளித்து வைப்பார்கள். 1000/50 என்று விளம்பரம், உள்ளே போனால் பராமரிப்பு 15 ஆயிரமா, 1.5 லட்சமா என்று சொல்ல மாட்டார்கள். தண்ணீர், இன்டர்நெட் அதில் அடங்குமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். குளிர்கால கேஸ் செலவு எப்போதும் உங்கள் தலையில்தான். தரையைச் சூடாக்கும் ஒந்தோல் பாய்லர் கேஸில் ஓடுகிறது. ஜனவரியில் வெளியூர் போகும்போது பாய்லரை அடியோடு அணைத்தால் குழாய் உறைந்து வெடிக்கும், பழுதுச் செலவும் உங்களிடம் வரும். வெப்பத்தைக் குறைத்து ஓடவிட்டுப் போக வேண்டும்.

சமைப்பவர்கள் தரகரிடம் "புல்லிஹ்யொங்" என்று கேளுங்கள்: சமையலிடத்துக்கும் படுக்கைக்கும் நடுவே கதவு உள்ள வீடு. வாடகை பெரிதாகக் கூடாது, மெத்தையில் சாம்பார் வாசம் வராது. பான்ஜிஹா எனப்படும் அரைத் தரைத்தள வீடு மலிவு. ஆனால் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை, மழைக்காலத்தில் வெள்ளம். 2022 ஆகஸ்ட் மழையில் சியோல் சில்லிம் பகுதியில் அப்படி ஒரு வீட்டுக்குள் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் சிக்கி இறந்தார்கள். எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

ஜொன்சே

சியோலில் சின்ன வீட்டுக்கே 10 கோடி வொன்னுக்கு மேல் கேட்பார்கள். கையில் அவ்வளவு பணம் உள்ள புதியவர் குறைவு. வெளிநாட்டவருக்கு ஜொன்சேக் கடன் தரும் வங்கிகளும் குறைவு. வொல்சேக்கும் ஜொன்சேக்கும் நடுவே அட்வான்ஸைக் கூட்டி வாடகையைக் குறைக்கும் பான்ஜொன்சேயும் உண்டு. சந்தையில் 1 கோடி வொன் அட்வான்ஸ் கூடினால் வாடகை சுமார் 50 ஆயிரம் குறையும். அதாவது வருடத்துக்கு 6 சதவீத வட்டி. வங்கியில் போட்டால் இவ்வளவு வராது என்று தரகர் சொல்வார், அது உண்மைதான். அந்த வட்டி எதற்குக் கிடைக்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

2022, 2023 இல் வெடித்த ஜொன்சே மோசடிகளின் அமைப்பு எளியது. புதிதாகக் கட்டிய வில்லா, அதாவது சிறு அடுக்குமாடிக் கட்டடம். ஒப்பிட்டுப் பார்க்கச் சந்தை விலை கிடையாது. தரகர் சொல்வதே விலை. வீட்டு விலைக்குச் சமமாக அட்வான்ஸ் வாங்கி, அந்தப் பணத்திலேயே அடுத்த வீட்டை வாங்குவார்கள். விலை இறங்கியதும் அடுத்த குடித்தனக்காரர் கொடுக்கும் தொகை முந்தையவருக்குத் திருப்பித் தரப் போதவில்லை. இஞ்சியோன் மிச்சுஹோல் பகுதியில் நூற்றுக்கணக்கானோர் மாட்டினார்கள். 2023 ஜூனில் பாதிக்கப்பட்டோருக்கென்றே தனிச் சட்டம் வந்தது. முதல் வீடாக ஜொன்சே வேண்டாம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

அட்வான்ஸ் எவ்வளவு வரை பத்திரம்?

இதற்குச் சட்டத்திலேயே எண் இருக்கிறது. வீடு ஏலத்துக்குப் போனால், சிறு குடித்தனக்காரருக்கு வங்கிக்கும் முன்பாக ஒரு தொகை தர வேண்டும். 2023 பிப்ரவரி 21 முதல், சியோலில் அட்வான்ஸ் 16.5 கோடி வொன்னுக்குள் இருந்தால் 5.5 கோடி வரை முன்னுரிமை. பூசான், தேகு போன்ற பெருநகரங்களில் 8.5 கோடிக்குள் என்றால் 2.8 கோடி. சியோலை ஒட்டிய பெரும்பாலான நகரங்களுக்கு வேறு வரம்பு; எஞ்சிய இடங்களில் 7.5 கோடிக்குள், 2.5 கோடி. ஆனால் கணக்கில் எடுப்பது நீங்கள் குடியேறிய தேதியை அல்ல, அந்த வீட்டின் மீது முதல் அடமானம் பதிவான தேதியை. அடமானம் 2022 இல் போட்டது என்றால் சியோலில் 5 கோடிதான். ஒரே கட்டடத்தில் பல குடித்தனம் இருந்தால், எல்லோருக்கும் சேர்த்து வீட்டு விலையில் பாதிக்கு மேல் இந்த முன்னுரிமை போகாது.

முதல் ஒப்பந்தத்தில் அட்வான்ஸை இந்த வரம்புக்குள் நன்றாக அடக்கி வைத்துக்கொள்வதே எங்கள் பரிந்துரை. 1000/60 அப்படிப்பட்டது.

முன்னுரிமை தானாகக் கிடைக்காது. வீட்டுக்குள் குடியேற வேண்டும். ஏஆர்சி அட்டையில் அந்த முகவரி ஏற வேண்டும். வெளிநாட்டவரின் பதிவும் முகவரி மாற்ற அறிவிப்பும் கொரியர்களின் குடியேற்றப் பதிவுக்குச் சமம் என்று குடியேற்றச் சட்டமே சொல்கிறது. குடிமாறிய 15 நாளுக்குள் அருகிலுள்ள ஜுமின் சென்டர் எனும் வட்டார அரசு அலுவலகத்திலோ குடியேற்றத் துறையின் ஹைகொரியா தளத்திலோ அறிவிக்க வேண்டும். தவறினால் 10 லட்சம் வொன் வரை அபராதம். "முகவரிப் பதிவு செய்யக் கூடாது" என்று நிபந்தனை போடும் ஆபிஸ்டெல் (அலுவலகமாகவும் வீடாகவும் பயன்படும் அறை) உரிமையாளர்கள் உண்டு. கட்டடத்தை வணிக இடமாகக் காட்டி வாட் வரியைத் திரும்பப் பெற்றிருப்பார்கள், அதைக் காப்பாற்றிக்கொள்ளவே இந்த நிபந்தனை. அந்த வீட்டில் உங்கள் அட்வான்ஸுக்கு எந்தக் காவலும் இல்லை.

முகவரியை அறிவிக்கும் அதே நாளில் ஒப்பந்தத்தில் தேதியை உறுதிசெய்யும் அரசு முத்திரையும் வாங்குங்கள், கட்டணம் 600 வொன். அட்வான்ஸ் 6 கோடியைத் தாண்டினாலோ வாடகை 3 லட்சத்தைத் தாண்டினாலோ, நகர்ப்பகுதிகளில் 30 நாளுக்குள் வாடகை ஒப்பந்தத்தை அறிவிப்பது எப்படியும் கட்டாயம். ஒப்பந்த நகலோடு அதைச் செய்தால் முத்திரை இலவசமாகவே விழுந்துவிடும்.

ஓட்டை ஒன்று மீதமிருக்கிறது. உங்கள் உரிமை தொடங்குவது பதிவு செய்த மறுநாள் பிறக்கும் நள்ளிரவு 12 மணிக்கு. வங்கி அடமானமோ பதிவான அன்றே செல்லும். மீதித் தொகையை வாங்கிக்கொண்டு உரிமையாளர் அன்று மாலையே கடன் வாங்கினால் வங்கி உங்களை முந்திவிடும். இதைத் தடுக்க ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும்: மீதித் தொகை தரும் நாளுக்கு மறுநாள் வரை புதிய அடமானம் வைக்கக் கூடாது, வைத்தால் ஒப்பந்தம் ரத்து, பணம் திரும்ப. நேர்மையான உரிமையாளர் இதை மறுக்கமாட்டார்.

நம் ஊர் வில்லங்கச் சான்றுக்கு இணையான பதிவேட்டை இணையத்தில் 700 வொன்னுக்குப் பார்க்கலாம். ஒப்பந்தத்துக்கு முன், மீதித் தொகை தருவதற்கு முன், மறுநாள் என மூன்று முறை பாருங்கள். "கப்-கு" பகுதியில் உரிமையாளர் பெயர். நீங்கள் பணம் போடும் வங்கிக் கணக்கும் அதே பெயரில் இருக்க வேண்டும். அங்கே டிரஸ்ட் நிறுவனத்தின் பெயர் இருந்தால், அதன் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கையெழுத்திடாதீர்கள். "உல்-கு" பகுதியில் அடமானம். அங்கே எழுதியிருக்கும் தொகை பொதுவாகக் கடனில் 120 சதவீதம். 12 கோடி என்றிருந்தால் கடன் சுமார் 10 கோடி. கதவில் 302 என்று ஒட்டியிருந்து பதிவேட்டில் 301 மட்டும் இருந்தால், ஒரு வீட்டை இரண்டாகத் தடுத்திருக்கிறார்கள். தப்பான எண்ணில் செய்த முகவரிப் பதிவு செல்லாமல் போகலாம்.

காலமும் வெளியேறுதலும்

ஒரு வருடத்துக்கு எழுதுங்கள். சட்டப்படி குடித்தனக்காரர் விரும்பினால் அதையே இரண்டு வருடமாகக் கொள்ளலாம், உரிமையாளரால் முடியாது. கிளம்புவதானால் முடிவுத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே குறுஞ்செய்தியாகச் சொல்லிவிடுங்கள். இருவருமே பேசாமல் விட்டால் ஒப்பந்தம் தானே நீளும். அப்போது நீங்கள் எப்போது சொன்னாலும் மூன்று மாதத்தில் முடியும். நடுவில் உடைத்துக்கொண்டு போனால் அடுத்த ஆளைப் பிடித்துக் கொடுத்து, அதற்கான தரகையும் கட்டுவதே வழக்கம்.

அட்வான்ஸ் வராமல் வீட்டைக் காலி செய்யாதீர்கள். முகவரியை மாற்றினால் முன்னுரிமை போய்விடும். போயே ஆக வேண்டுமென்றால் முதலில் கோர்ட்டில் வாடகை உரிமைப் பதிவு ஆணை வாங்கி, அது பதிவேட்டில் ஏறியதைப் பார்த்த பிறகே சாமானை இறக்குங்கள். நாட்டை விட்டே போகிறவர்கள் அட்வான்ஸ் கணக்கில் விழும்வரை கொரிய வங்கிக் கணக்கையும் போன் எண்ணையும் மூடக் கூடாது.