லினக்ஸ் சர்வரில் டிசி: பிழை தேடியவரின் மதிப்புரை

லினக்ஸின் நெட்வொர்க் கருவித் தொகுப்பான ஐபிரூட்2-ஓடு வரும் டிசி (tc, டிராஃபிக் கண்ட்ரோல்) கருவியைக் கொண்டு சர்வர்களில் நெட்வொர்க் போக்குவரத்தை ஒழுங்குபடுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. விதிகளை எழுதியதைவிட, எழுதிய விதி ஏன் பலிக்கவில்லை என்று தேடியதிலேயே அதிக நேரம் போயிருப்பதால், அந்தப் பக்கத்திலிருந்தே இதை மதிப்பிடுகிறேன்.

இதன் பெரிய குறை மௌனம். போக்குவரத்தை வகுப்புகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வேகம் ஒதுக்கும் எச்டிபி (HTB) முறையில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு வகுப்பு அமைத்து வரம்பு விதித்த பிறகும், பேக்கப் போக்குவரத்து முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வேறு எந்த வகுப்பிலும் சேராத பாக்கெட்டுகளுக்கான பொது வகுப்பு என்று நான் கொடுத்திருந்த எண்ணில் எந்த வகுப்பும் இல்லை என்பதுதான் காரணம். அந்த நிலையில், பாக்கெட்டுகளை வகுப்புகளுக்குப் பிரித்தனுப்பும் விதியான ஃபில்டர் எதிலும் சிக்காத பாக்கெட்டுகளை எச்டிபி வரம்பே இல்லாமல் நேராக அனுப்பிவிடுகிறது, பிழைச் செய்தி எதுவும் தருவதில்லை. எனினும் கியூவின் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசையின்) நிலையைக் கேட்டால், நேரடியாகச் சென்ற பாக்கெட்டுகளின் எண்ணிக்கையை அது மறைக்காமல் காட்டுகிறது. முதலிலேயே அந்த எண்ணைப் பார்த்திருந்தால் எனக்கு இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

அலகுகளிலும் எச்சரிக்கை தேவை. ‘எம்பிபிஎஸ்’ (mbps) என்று எழுதினால் டிசி அதை நொடிக்கு மெகாபைட் என்றே கொள்ளும். ஆகவே 100 மெகாபிட் வரம்பு என்று நம்பியவர் உண்மையில் 800 மெகாபிட்டுக்கு வழிவிட்டிருப்பார். மெகாபிட்டுக்கு ‘எம்பிட்’ (mbit) என்றுதான் எழுத வேண்டும்.

புள்ளிவிவரங்களே இந்தக் கருவியின் உண்மையான பலம். கியூவில் ‘ஓவர்லிமிட்ஸ்’ (overlimits) என்ற எண்ணிக்கை ஏறுவதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். வரம்பை மீற முயன்ற பாக்கெட்டுகள் காக்க வைக்கப்படுகின்றன என்பதே அதன் பொருள். லைன் நிரம்பி வழியும்போதும் அது பூஜ்யத்திலேயே நின்றால்தான், போக்குவரத்து இந்தக் கியூவின் வரம்புக்குள் வரவில்லை, அல்லது நெரிசல் வேறிடத்தில் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். உள்ளே வரும் போக்குவரத்தை வரிசையில் நிறுத்த ஐஎஃப்பி (IFB) என்ற மெய்நிகர் நெட்வொர்க் இடைமுகம் தனியே தேவை.

ஒரே லைனைப் பலர் பகிரும் எளிய சூழலுக்கு, 2018-இல் வெளியான 4.19 லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த கேக் (CAKE) என்ற கியூ முறை போதும்; ஒரே வரியில் அமைத்துவிடலாம். சேவைக்குச் சேவை வரம்பு வேண்டுவோருக்கு எச்டிபியையும், அதன் வகுப்புகளுக்கு அடியில் இணைப்புகளுக்கிடையே நியாயமாகப் பங்கிட்டுத் தாமதத்தைக் குறைக்கும் எஃப்கியூ கோடெல் (fq_codel) கியூவையும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். விதியை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் புள்ளிவிவரத்தை ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள்.