ஒரே கார், 9 ஆண்டுகள்: ஹெட்லைட், இண்டிகேட்டர் கோளாறுகளோடு என் அனுபவம்

என் காரின் இடது ஹெட்லைட் ஒரு மழைக்காலத்தில் மஞ்சளடிக்கத் தொடங்கியது. வலது பக்கம் பளிச்சென்று எரியும், இடது பக்கம் அழுது வடியும். புது எச்4 பல்ப் (டிம், பிரைட் இரண்டு இழையும் ஒன்றிலேயே உள்ள ஹெட்லைட் பல்ப்) வாங்கிப் போட்டேன். இரண்டு நாள் தேவலை என்று தோன்றியது, பிறகு பழையபடி ஆகிவிட்டது. இன்னொரு பல்ப்பும் வாங்கினேன். கடைசியில் இடது பல்ப்பை வலதிலும் வலது பல்ப்பை இடதிலும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எதைப் போட்டாலும் இடது பக்கம் மங்கல்தான். இதை முதல் நாளே செய்திருந்தால் இரண்டு பல்ப் மிச்சமாகியிருக்கும். பல்ப் மேல் சந்தேகம் வந்தால் கடைக்குப் போகும் முன் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

அடுத்து வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். பல்ப்பின் பின்னால் மாட்டியிருக்கும் கனெக்டரைக் கழற்றி, எஞ்சின் ஓடும்போது கனெக்டரின் பின்களில் அளந்தால் 14.0 வோல்ட் காட்டியது. வலது பக்கமும் அதேதான். வயரிங்கில் குறையில்லை என்று முடிவுகட்டி ஒரு வாரம் வீணானது. மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு. துருப்பிடித்த இணைப்பும் அந்த அளவைத் தாராளமாகக் கடத்திவிடும். 55 வாட் பல்ப் எரியும்போது நாலரை ஆம்பியர் ஓட வேண்டும், அப்போதுதான் துரு தன் வேலையைக் காட்டும். எனவே பல்ப் மாட்டி எரிந்துகொண்டிருக்கும்போது, கனெக்டரின் பின்பக்கத்திலிருந்து முனையை நுழைத்து அளக்க வேண்டும்.

அப்படி அளந்தபோது வலது பல்ப்புக்கு 13.1 வோல்ட், இடதுக்கு 11.4 வோல்ட். எவ்வளவு மோசம் இது? இழை பல்ப்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை, ஏறக்குறைய அதன் 3.4 அடுக்கில் (power) குறையும், அதாவது வோல்டேஜைவிட மிக வேகமாக. என் கணக்குப்படி இடது விளக்கு வலதைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவான வெளிச்சத்தோடு இத்தனை நாள் ஓடியிருக்கிறது.

காணாமல் போன வோல்டேஜ் எங்கே என்று தேடுவதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்தேன், இன்னொன்றை பல்ப்பின் எர்த் பின்னில் (மின்னோட்டம் காரின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் பக்கம்). விளக்கு எரிய, 1.7 வோல்ட். இங்கே 0.2-க்கு மேல் வந்தாலே நான் சந்தேகப்படுவேன். முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்தினேன். கனெக்டருக்குள் பச்சை பூத்திருந்த எர்த் பின்னில் அரை வோல்ட் போயிருந்தது. மீதி 1.2 வோல்ட், அந்த எர்த் வயர் பாடியில் முறுக்கப்பட்டிருந்த போல்ட்டில். பேட்டரித் தட்டுக்குப் பின்னால், கண்ணுக்கே படாத இடம். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தகடு மின்னும் வரை தேய்த்து, வயரில் புது வளைய முனையை கிரிம்ப் செய்து (அழுத்திப் பொருத்தி), இறுக்கிய பின் மேலே கிரீஸ் தடவினேன். கனெக்டரையும் மாற்றினேன். எர்த் பக்க இழப்பு 0.1-க்கு வந்தது. முதலில் வந்த அந்த இரண்டு நாள் வெளிச்சத்துக்கும் விளக்கம் கிடைத்தது: பல்ப்பைக் கழற்றி மாட்டும்போது பின்கள் உரசிக் கொஞ்சம் சுத்தமாகியிருக்கின்றன.

மீதமிருந்தது பாசிட்டிவ் பக்கம். அங்கே இரண்டு விளக்குக்கும் 0.8, 0.9 வோல்ட் போய்க்கொண்டிருந்தது. என் கார் பழைய அமைப்பு: ஹெட்லைட் மின்னோட்டம் முழுவதும் ஸ்டியரிங் அடியிலுள்ள ஸ்விட்ச் வழியாகவே போகும். டிம், பிரைட் இரண்டுக்கும் தனித்தனி ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஸ்விட்ச்) போட்டு, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்தேன், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வைத்து. இந்த ஃப்யூஸை விட்டுவிட்டு ரிலே போடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. வழியில் எங்காவது வயர் உரசிப் பாடியில் பட்டால் தீதான். இப்போது பல்ப்புக்கு 13.7 வோல்ட் கிடைக்கிறது. 6 ஆண்டுகளாக ரிலேக்கள் ஒரு தொந்தரவும் தரவில்லை, ஸ்விட்ச்சும் சூடாவதில்லை. ஒரு குறை உண்டு: வோல்டேஜ் கூடினால் ஹாலஜன் பல்ப்பின் ஆயுள் வேகமாகக் குறையும், எனக்கும் முன்பைவிடச் சீக்கிரம் பல்ப் போகிறது. இருட்டில் ரோடு தெரிவதற்காக அதை மனமார ஏற்றுக்கொள்கிறேன். வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்ப் போடுவதைத்தான் வேண்டாம் என்பேன். அந்தச் சுமைக்காக அமைக்கப்படாத வயரும் ஹோல்டரும் உருகும், எதிரே வருபவருக்கும் கண் கூசும்.

அப்புறம் இண்டிகேட்டர். இடது பக்கம் திடீரென்று வேகவேகமாகச் சிமிட்டினால் முன்னாலோ பின்னாலோ ஒரு பல்ப் போயிருக்கிறது என்று அர்த்தம். சாதாரணமாக நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை சிமிட்டும். 21 வாட் பல்ப் ஒன்று போனால் மின்னோட்டம் குறைவதை ஃப்ளாஷர் (இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் கருவி) உணர்ந்து வேகத்தைக் கூட்டுகிறது. ஆரஞ்சுப் பூச்சுள்ள பல்ப்பின் பக்கவாட்டுக் குமிழ்கள் சற்றுத் தள்ளி அமைந்திருக்கும், வெள்ளை பல்ப் அதன் ஹோல்டரில் உட்காராது. உட்காரவில்லையே என்று அழுத்தித் திருகி ஹோல்டரை உடைத்துவிடாதீர்கள்.

நான்கு இண்டிகேட்டருக்கும் எல்இடி போட்டுப் பார்த்தேன். மின்னோட்டம் குறைவு என்பதால் ஃப்ளாஷர், பல்ப் போனதாகவே நினைத்து வேகமாகச் சிமிட்டியது. அதை ஏமாற்ற 6 ஓம் ரெசிஸ்டர் வைத்தேன். 14 வோல்ட்டில் அது 30 வாட்டுக்கு மேல் வெப்பமாக வெளிவிடும், தொட்டால் கை பொத்துப்போகும். முதலில் பிளாஸ்டிக் மேல் கட்டியிருந்தேன், அது இளகியதைப் பார்த்ததும் தகட்டில் திருகி வைத்தேன். எல்இடிக்கு ஏற்ற ஃப்ளாஷரை மாற்றிவிடலாம்தான். ஆனால் அந்த வகைகளில் பல, ஒரு விளக்கு அணைந்தாலும் அதே வேகத்தில் சிமிட்டும், எனக்கு எச்சரிக்கை கிடைக்காது. 14 மாதம் கழித்து எல்லாவற்றையும் கழற்றி, இழை பல்ப்புக்கே திரும்பினேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

நான்காம் ஆண்டில் வலது இண்டிகேட்டர் சில நேரம் எரியும், சில நேரம் எரியாது. ஹசார்டு போட்டால் நான்கும் ஒழுங்காகச் சிமிட்டின. என் காரில் இரண்டுக்கும் ஃப்ளாஷர் ஒன்றுதான். அப்படியென்றால் பல்ப், எர்த், பின்பக்க வயர், ஃப்ளாஷர் எல்லாம் சரி. இடது பக்கம் தவறாமல் எரிவதால் ஃப்யூஸும் சரி. ஸ்டியரிங் ஸ்விட்ச் மட்டும்தான் பாக்கி. கழற்றிப் பார்த்தால் தொடுமுனைகள் கறுத்துத் தேய்ந்திருந்தன. சுத்தம் செய்தது 8 மாதம் தாங்கியது, பிறகு புது ஸ்விட்ச். ஏர்பேக் உள்ள ஸ்டியரிங் என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கம்பெனிக் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே கை வையுங்கள்.

கருவிகளில் எனக்கு அதிகம் உழைத்தது பல்ப் வைத்த சாதாரண டெஸ்ட் லேம்ப். அது கொஞ்சம் மின்னோட்டத்தை இழுத்துப் பார்ப்பதால், மல்டிமீட்டர் நல்லதென்று சொல்லும் அரைகுறை வயரையும் பல நேரம் காட்டிக் கொடுத்துவிடும். ஏர்பேக், கம்ப்யூட்டர் வயர்களில் மட்டும் அதை வைக்கவே கூடாது.

போன வாரம் வலது இண்டிகேட்டர் போட்டபோது பின்னால் பார்க்கிங் லைட்டும் சேர்ந்து மங்கலாகத் துடித்தது. எர்த் சரியாகக் கிடைக்காத மின்னோட்டம் பக்கத்து இழை வழியாகப் பாதை தேடுகிறது. டிக்கியின் உள் அட்டையைக் கழற்றி வைத்திருக்கிறேன். போல்ட் தெரிகிறது, தலையெல்லாம் துரு. ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாளோடு உட்கார வேண்டும்.