குளிர்கால நிழலில் பூங்குருவி: 300 எஃப் 2.8 லென்ஸா, 200–600 சூமா?

செந்தலைப் பூங்குருவி வெயிலுக்கு வரும் பறவை அல்ல. கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் காப்பிச் செடிகளுக்கு அடியில் ஈரச் சருகைப் புரட்டிப் புழு தேடும். மார்கழிக் காலையில் அங்கே ஷட்டர் வேகம் 1/200 நொடி வைத்தால், எஃப் 4-இல் (எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம் நுழையும்) ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் உணர்திறன், 2500 கேட்கும். எஃப் 6.3-இல் அது 6400 ஆகிவிடும்.

300 எஃப் 2.8 லென்ஸில், நீளத்தை 1.4 மடங்காக்கும் கன்வெர்ட்டர் மாட்டினால் 420 மி.மீ., எஃப் 4. சூம் முழு நீளத்தில் 600 மி.மீ., எஃப் 6.3. வித்தியாசம் 1.3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). இதைப் பார்த்ததுமே பிரைம் (நீளம் மாறாத) லென்ஸ்தான் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். ஒரே இடத்தில் உட்கார்ந்து எடுத்து, 420-இன் படத்தை 600 அளவுக்கு கிராப் செய்தால் சென்சாரில் பாதிப் பரப்பு போய்விடும். பாதிப் பரப்பு என்றால் பாதி வெளிச்சம், அதாவது ஒரு ஸ்டாப். கையில் மிஞ்சுவது 0.3 ஸ்டாப்தான். அதற்காகப் பல மடங்கு விலை தேவையில்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது தூரம். பறவை சுமார் 21 செ.மீ. ஃபுல் பிரேம் (36 மி.மீ. அகலச் சென்சார்) கேமராவில் 420 மி.மீ. வைத்து 6 மீட்டரில் எடுத்தால் பிரேம் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்கை நிரப்பும். 600-க்கு அதே அளவு எட்டரை மீட்டரிலேயே கிடைக்கும். தோட்டத்து ஓரத்தில் படுத்து, பறவை தானாக 6 மீட்டருக்குள் வரக் காத்திருக்க முடிந்தால் 300 எஃப் 2.8 முழுசாகப் பலன் தரும். பாதையை விட்டு இறங்கக் கூடாத காட்டில் சூம்தான். அங்கே பிரைம் வைத்திருப்பவர் நெருங்கப் பார்ப்பார். பூங்குருவியோ மிரண்டால் நிமிர்ந்து சிலையாக நின்றுவிடும். அந்த நிலையில் எடுத்த படத்தில் அச்சம்தான் தெரியும். அது நிமிர்ந்ததும் அசையாமல் இருங்கள். மீண்டும் சருகைப் புரட்டத் தொடங்கட்டும்.

பின்னணிக் குழைவு பிரைமின் தனிச்சொத்து என்பதும் சரியல்ல. 6 மீட்டரில் 420 எஃப் 4-இல் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 5 செ.மீ.; 600 எஃப் 6.3-இல் 4 செ.மீ.க்குள். இரண்டிலுமே கண்ணில் ஃபோகஸ் வைத்தால் வால் நுனி கரையும். பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுக்க வேண்டும்.

எந்த லென்ஸானாலும், ஓடி நிற்கும் நொடியில் 1/200 போதும். சருகை வீசும்போது 1/1000 வேண்டும். ஒன்றரைக் கிலோ கேழ்வரகு நிரப்பிய துணிப்பையைத் தரையில் போட்டு லென்ஸைக் கிடத்தினால் டிரைபாட் தேவைப்படாது, பறவையின் கண் மட்டமும் கிடைக்கும். இலைகளில் பட்டு வரும் பச்சை வெளிச்சம் பறவையின் மார்பில் படிந்து அதன் ஆரஞ்சு நிறத்தைக் கெடுக்கும். ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிப்பது) எடுத்தால் பின்னால் சரிசெய்யலாம். வெயில் கீற்று விழும் இடத்தில் படத்தின் சிவப்பு சேனல்தான் முதலில் விவரம் இழந்து எரியும், ஆகவே எக்ஸ்போஷரை 0.7 ஸ்டாப் குறைத்து எடுங்கள்.

சீகாரப் பூங்குருவிக்கு இந்தக் கணக்கு தலைகீழ். (வகைப்பாட்டில் அது ஈப்பிடிப்பான் குடும்பம், பெயர்தான் பூங்குருவி.) ஓடைப் பாறையில் நிழலில் நின்றால் வெறும் கரிக்கட்டி. நெற்றியிலும் தோளிலும் உள்ள நீலம், தாழ்ந்த வெயில் நேராகப் பட்டால்தான் மின்னும். டிசம்பர் 21 அன்று ஊட்டியில் காலை எட்டு மணிக்குச் சூரியன் 17 பாகை உயரத்தில் இருக்கும், ஒன்பதுக்கு 30, நண்பகலில் 55. எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட நேரம்தான் நமக்கு. அந்த வெயிலில் எஃப் 6.3 தாராளம், எட்டாத பாறைக்கு 600 மி.மீ.யும் கைகொடுக்கும். இந்தப் பறவைக்குச் சூமையே சொல்வேன்.

குளிரில் இரண்டு லென்ஸுக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. அறைச் சூட்டிலிருந்து நேராக வெளியே கொண்டுவந்த லென்ஸின் ஹூடுக்குள் (முன்னால் மாட்டும் மறைப்புக்குழல்) வெதுவெதுப்பான காற்று நெளிந்து, படம் சொதசொதவென்று விழும். ஃபோகஸ் தவறிவிட்டதாக நினைத்து அமைப்புகளை மாற்றிக்கொண்டிருப்பார்கள். அரை மணி நேரம் முன்பே வெளியில் வைத்துவிடுங்கள். காருக்குள்ளிருந்து எடுப்பதென்றால் ஹீட்டரை அணைத்து, எதிர்ப்பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிடுங்கள். திரும்பி வரும்போது லென்ஸைப் பைக்குள்ளேயே மூடி வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்; உடனே எடுத்தால் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும்.