சேப்பாக்கத்து முத்திரையும் கூரியர் கடைக் கத்தரிக்கோலும்

சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் எனும் முழு மதிப்பெண் பதிவேட்டை வாங்கி, கனடாவில் படிப்புச் சான்றுகளை மதிப்பிடும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்புவதே இந்த முறை ஊரில் எனக்கிருந்த பெரிய வேலை. அந்த நிறுவனத்தின் படிவத்தில் “நிறுவப்பட்ட ஆண்டு” என்ற கட்டத்தைப் பார்த்தபோதே எரிச்சல் தொடங்கிவிட்டது. 1857 செப்டம்பர் 5 அன்று சட்டமியற்றி நிறுவிய பல்கலைக்கழகம் இது. கனடா என்ற கூட்டரசே 1867இல்தான் பிறந்தது. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தேர்வு நடத்தவும் பட்டம் வழங்கவும் தொடங்கிய இதன் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவர்கள் என்பதை டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் என் அண்டை வீட்டார் பெருமையோடு சொல்வதுண்டு.

“ஆராய்ச்சி நடைபெறுகிறதா?” என்பது அடுத்த கட்டம். துறைமுகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜனுக்கு 1913இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்ததும், தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியை 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டதும், 1954இல் ஜி. என். இராமச்சந்திரன் கொலாஜன் என்ற புரதத்தின் முப்புரி அமைப்பைக் கிண்டி வளாகத்திலிருந்து உலகுக்கு அறிவித்ததும் அந்த ஒரு விரற்கடைக் கட்டத்துக்குள் அடங்குமா? “ஆம்” என்று மட்டும் எழுதினேன். மைசூர், ஆந்திரப் பல்கலைக்கழகங்கள் எனப் பிள்ளைகள் பிரிந்து தனிக்குடித்தனம் போன பெரிய வீடு இன்று சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி, மதுரவாயல், சேத்துப்பட்டு என ஆறு வளாகங்களோடு நகருக்குள்ளேயே நிற்கிறது. வரி நிலுவை என்று 2024இல் அதன் வங்கிக் கணக்குகளையே முடக்கிய செய்தியை டொராண்டோவில் படித்தபோது மனம் கசந்தது.

ஆகவே அலைச்சலுக்குத் தயாராகவே சேப்பாக்கம் போனேன். அலைச்சல் அங்கே இல்லை. ஊழியர் டிரான்ஸ்கிரிப்டை உறையிலிட்டு ஒட்டி, மடிப்பின் குறுக்கே கையொப்பமிட்டு, முத்திரையின் பாதி மடிப்பிலும் பாதி உறையிலும் விழும்படி நிதானமாகக் குத்தி, அதன்மேல் செல்லோடேப்பும் ஒட்டினார். “பிரிச்சிடாதீங்க சார், பிரிச்சா செல்லாது” என்று எச்சரித்துத்தான் கொடுத்தார். எதிரே கட்டடக் கலைஞர் சிசோம் வடிவமைத்து 1879இல் முடிந்த செனட் இல்லத்தின் குவிமாடங்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, படித்த காலத்து உற்சாகத்தோடு கூரியர் கடைக்கு நடந்தேன்.

அங்கே இருந்த இளைஞர் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “உள்ள என்னன்னு பாக்காம புக் பண்ண முடியாது சார். ஓரமா லேசா வெட்டிட்டு, நாங்களே ஒட்டித் தந்துடறோம்” என்று சொல்லும்போதே கத்தரிக்கோல் அவர் கைக்கு வந்துவிட்டது. “தம்பி, அதை முதல்ல கீழே வைப்பா” என்று கத்திவிட்டேன். வெட்டினால் உறை செல்லாக் காசாகிவிடும் என்று விளக்கியதும் மேலாளரை அழைத்தார். அவரோ உள்ளே இருப்பதற்கு ஒரு ஜெராக்ஸ் கொடுத்தால் போதும் என்றார். ஒட்டிய உறைக்குள் இருப்பதை எப்படி ஜெராக்ஸ் எடுப்பது என்று நான் கேட்டதற்கு, “அதுக்குத்தான் சார் பிரிக்கச் சொல்றோம்” என்று பொறுமையாகப் பதில் சொன்னார்! கனடாவில் ஒட்டிய கடிதத்தை எந்த அஞ்சல் முகப்பிலும் என்னிடம் பிரிக்கச் சொன்னதில்லை என்று நான் சொன்னது அவருக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

கடைசியில் அஞ்சலகத்துக்கே போனேன். முகப்பில் இருந்த அம்மா முத்திரையை ஒரு முறை உற்றுப் பார்த்து, “யுனிவர்சிட்டி கவரா?” என்று கேட்டு, எடை போட்டு, வெளிநாட்டு ஸ்பீட் போஸ்ட்டில் பதிந்து ரசீதை நீட்டினார். கூரியர் கடையில் கேட்ட தொகையைவிடக் கட்டணமும் குறைவு.