பழைய மஹிந்திரா தார் ஜீப் வாங்கி ஆஃப்ரோடு வேலை செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: 98,000 ரூபாய் போச்சு

98,000 ரூபாய். நேற்று சாயங்காலம் வரைக்கும் இதைப் பொதுவில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், அந்தக் கடைக்காரர் போனில் கடைசியாகச் சொன்னதைக் கேட்ட பிறகு பொறுக்க முடியவில்லை. மதுரையில் ஜீப், எஸ்யூவி வண்டிகளுக்கு, ரோடு இல்லாத இடத்தில் ஓட்டுவதற்கான ஆஃப்ரோடு சாமான் மாட்டித் தரும் கடை அது. பெயரைப் போடாதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. இந்த மாதிரிக் கடை இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறது, வாசலில் பெரிய டயர் போட்ட வண்டி ஒன்று நிற்கும், உள்ளே சுவர் முழுக்க, மாட்டிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் விஞ்ச்சும் எல்இடி விளக்கு பாரும் தொங்கும்.

தாண்டிக்குடி பக்கம் அம்மாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது, மிளகும் உண்டு. அப்பா போன பிறகு நான்தான் போய் வந்து பார்த்துக்கொள்கிறேன். வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறுகிற வரைக்கும் தார்ச்சாலைதான், தொல்லை இல்லை. அதை விட்டு இறங்கித் தோட்டத்துக்குள் போகிற கடைசித் துண்டுதான் மண்ணும் கல்லும், ஐப்பசி கார்த்திகையில் சேற்றில் சாதாரண டயர் சும்மா சுற்றிக்கொண்டே நிற்கும். அதற்காகத்தான் 2016 மாடல் தார் சிஆர்டிஇ ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். ஃபோர் வீல் டிரைவ், லோ கியர் எல்லாம் இருக்கிறது. வண்டியை விற்றவர் மேல் எந்தக் குறையும் இல்லை, சர்வீஸ் பில் ஒன்று விடாமல் கோப்பில் போட்டுக் கொடுத்த மனிதர்.

ரேஸ் விட எனக்கு ஆசை இல்லை. தார்ச்சாலையிலும் மண்ணிலும் ஓடும் நல்ல ஏடி (ஆல் டெரெய்ன்) டயர் நான்கு, வண்டி கொஞ்சம் உயர, அடியில் கல் அடிக்காமல் ஒரு தகடு, மாட்டிக்கொண்டால் கயிறு போட்டு இழுக்க ஒரு கொக்கி. இவ்வளவுதான்.

அந்தக் கடைக்காரரை ஏன் நம்பினேன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். விலை கேட்கலாம் என்று விஞ்ச், ஸ்நார்க்கல் (தண்ணீருக்கு மேலே இன்ஜின் காற்று இழுக்கும் குழாய்), இரும்பு பம்பர் மூன்றையும் சேர்த்தே சொன்னேன். அவரே அதையெல்லாம் வேண்டாம் என்றார். "அக்கா, லோ கியர் இருக்கிற வண்டிக்கு, தோட்டம் வரைக்கும் போக விஞ்ச் எதுக்கு? அந்தக் காசுல டயர் போடுங்க. ஆத்துக்குள்ள இறங்கப் போறீங்களா, ஸ்நார்க்கல் மாட்ட?" பம்பரைப் பற்றிக் கேட்டபோது, 2017 டிசம்பரிலேயே இந்த மாதிரி மாட்டக் கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது, பிடித்தால் அபராதம் போடுவார்கள், வீண் வேலை என்றார். ஒரு வியாபாரி தனக்கு வரவேண்டிய காசைத் தானே தள்ளிவிட்டால் அவரை நம்பாமல் என்ன செய்வது? அவர் அன்று சொன்னது ஒவ்வொன்றும் சரி. இன்றைக்கும் சரி. அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். 245/75 ஆர்16 அளவில் ஏடி டயர் நான்கு 46,000. முன்னால் ஸ்பிரிங் வேலை பார்க்கும் டார்ஷன் பார் புதிது, பின்னால் ஸ்பிரிங் கட்டில் கூடுதல் பட்டை, நான்கு புது ஷாக் அப்சார்பர், ஆக மொத்தம் 38,000. அடித்தகடு 9,000. கொக்கி 5,000. கூட்டினால் 98,000. 60,000 முன்பணம், வண்டி எடுக்கும்போது மீதி 38,000. ஜிஎஸ்டி பில் கேட்டேன், "போட்டா உங்களுக்குத்தான் கூட வரும்க்கா, கடை எங்க போயிடப் போகுது" என்றார். பணம் போனது கடைப் பெயரில் இல்லாத ஒரு நம்பருக்கு.

வண்டி வந்தபோது பார்க்க ஜோராக இருந்தது. உயரமாக நின்றது, டயர் கறுப்பாக மின்னியது, ஷாக் நான்கும் பளிச்சென்ற மஞ்சளில். பழைய ஷாக்கைக் கொடுங்கள் என்றதற்கு இரும்புக்கடைக்குப் போய்விட்டது என்றார்கள்.

அப்புறம் தோட்டத்துக்குப் போனேன். சின்னப் பள்ளத்துக்கே முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போட்டது, இடுப்பெலும்பு கழன்றுவிடும் போல. புதுசு, செட் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன், அவர்களும் அதைத்தான் சொன்னார்கள். பிறகு ஒரு நாள் முன் சக்கரத்தின் உட்பக்கம் முழுக்க கிரீஸ் தெறித்திருந்தது. வத்தலக்குண்டில் மஹிந்திரா வண்டிகளையே காலமெல்லாம் பார்த்த பெரியவர் ஒருவரிடம் விட்டேன். அடியில் படுத்து டார்ச் அடித்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, வெளியே வந்து, "என்னம்மா, இதுல ஒண்ணுமே மாத்தலையே" என்றார்.

அவர் காட்டியதை அப்படியே சொல்கிறேன், உங்கள் வண்டியிலும் போய்ப் பாருங்கள். இந்தப் பழைய தாரில் முன்னால் காயில் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார் என்று நீளமான இரும்புக் கம்பி, அது முறுக்கிக்கொள்வதுதான் ஸ்பிரிங். அதன் கோடியில் ஒரு போல்ட் இருக்கும், அதை இறுக்கினால் வண்டியின் மூக்கு ஏறும். புதுக் கம்பி எதுவும் போடவில்லை, அந்தப் போல்ட்டை மட்டும் திருகிவிட்டிருக்கிறார்கள். போல்ட்டின் பழைய மரை துருப்பிடித்து இருக்கிறது, புதிதாக வெளியே வந்த மரை மட்டும் வெள்ளிமாதிரி மின்னுகிறது, போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். இப்படி ஏற்றினால் வண்டி உயரும், ஆனால் சக்கரம் கீழே இறங்க இடமே இருக்காது, பள்ளத்தில் அடிப்பது அதனால்தான். ஆக்சில் சாய்வாக நிற்கும், அதன் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியும், கிரீஸ் வெளியே வந்து மண் உள்ளே போகும், அலைன்மென்ட்டும் போய் டயர் ஒரு ஓரமாகத் தேயும். என் வண்டியில் பூட் ஏற்கனவே கிழிந்துவிட்டது.

பின்னால் கூடுதல் பட்டை ஒன்றும் இல்லை. பழைய ஸ்பிரிங் கட்டிலேயே, அதைச் சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) சேர்க்கும் ஷாக்கிள் பிளேட்டை மட்டும் நீளமாகப் போட்டுத் தூக்கியிருக்கிறார்கள். இரண்டு இஞ்ச் நீளமாகப் போட்டால் வண்டி ஒரு இஞ்ச்தான் ஏறும், பட்டைக்குப் பலம் ஒரு துளியும் கூடாது. புது ஷாக் என்றது என்னுடைய பழைய ஷாக்கேதான், மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பெரியவர் நகத்தால் சுரண்டினார், அடியில் கறுப்பு. இரும்புக்கடைக்குப் போன ஷாக் எனக்கே திரும்பி வந்திருக்கிறது பாருங்கள், 38,000 ரூபாய்க்கு!

அடித்தகடு மெல்லிய தகரம், ஆயில் இறக்குகிற போல்ட்டுக்குத் துளைகூட விடவில்லை, ஒவ்வொரு முறையும் முழுத் தகட்டையும் கழற்ற வேண்டும். கொக்கியைச் சேசிஸில் போல்ட் போட்டு மாட்டாமல் பின் பம்பரைத் தாங்குகிற பட்டியில் வெல்டிங் வைத்திருக்கிறார்கள். சேற்றில் மாட்டிய வண்டியை இதில் கயிறு போட்டு இழுத்திருந்தால் கொக்கி பிய்ந்து யார் தலையிலோ பாய்ந்திருக்கும், இதில் ஏமாற்று மட்டும் இல்லை, உயிர் போகிற வேலை.

டயர் கதை தனி. வெளிப்பக்கம் எங்கே தேடியும் தயாரித்த தேதி இல்லை. டயரில் டாட் என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம்தான் தேதி, முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம், பல டயர்களில் அது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டியிருக்கிறார்கள். நான்கையும் கழற்றிப் பார்த்தால் 3417. 2017-ஆம் வருடம் 34-ஆவது வாரம்! பாலிஷ் போனதும், தரையைப் பிடிக்கும் பட்டன்களுக்கு இடையில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. இதற்கு 46,000.

போன் செய்தேன். முதலில் ஓனர் சபரிமலை போயிருக்கிறார். அப்புறம் வேலை செய்த பையன் நின்றுவிட்டான். அப்புறம் ஓனரே எடுத்து, "கிட் செட் ஆக டைம் எடுக்கும்க்கா" என்றார். எந்த கிட் தம்பி, போல்ட்டையா செட் ஆகச் சொல்றீங்க என்று கேட்டதும் குரல் மாறிவிட்டது. கல்லில் ஏற்றி நீங்களே உடைத்துவிட்டு எங்கள் மேல் பழி போடுகிறீர்கள் என்றார். நேரில் போனேன். கல்லாவில் இருந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "வீட்ல சார் இருந்தா வரச் சொல்லுங்க, டெக்னிக்கல் விஷயம்" என்கிறார். வண்டி என் பெயரில், காசு என்னுடையது, சேற்றில் ஓட்டுவதும் நான், இதில் எந்த சாரை நான் கூட்டிவர? பில் எங்கே என்று கேட்டார், துண்டுச் சீட்டை நீட்டினால் இது எஸ்டிமேட்தானே என்றார்.

நேற்று சொன்னது என்ன தெரியுமா? "கம்ப்ளைன்ட் குடுங்க, தாராளமா குடுங்க. வண்டியை ஆல்டர் பண்ணதுக்கு உங்க மேலதான் முதல்ல கேஸ் வரும்." மாட்டும்போது இதே வாய்தான் ஆர்டிஓ ஒன்றும் கேட்க மாட்டார் என்றது. மிரட்டலில் பாதி உண்மையும் இருக்கிறது, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது, அந்த வருடத் திருத்தத்துக்குப் பின் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் கூட வரலாம் என்று இருக்கிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் இந்தக் கடைகள் தைரியமாக ஏமாற்றுகின்றன, போய்ச் சொல்ல மாட்டார்கள் என்ற நம்பிக்கை. நான் சொல்வேன். போல்ட்டையும் ஷாக்கிளையும் பழையபடி இறக்கிவிட்டேன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கொடுத்த பணத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது, என்னுடையது 98,000தான்.

என்னென்ன மாட்டலாம், எது தேவை என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அந்தப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இது: வண்டி விடுமுன் அடிப்பக்கம் முழுக்க போட்டோ எடுங்கள், டார்ஷன் பார் போல்ட்டை முக்கியமாக. பழைய சாமானைக் கையில் வாங்காமல் மீதிப் பணம் தராதீர்கள். டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்னாலேயே தேதியைப் பாருங்கள், டயர் மட்டும்தான் வேண்டுமென்றால் பில்லும் வாரண்டியும் தருகிற டயர் கடைக்கே போங்கள். அளவு மாற்றினால் இன்ஷூரன்ஸ்காரரிடம் முதலில் கேளுங்கள், கம்பெனி அளவான 235/70-இலிருந்து என் 245/75 அளவுக்குப் போனால் ஸ்பீடோமீட்டரும் ஐந்து சதவீதம் போலக் குறைத்துக் காட்டும். கொக்கியை வெல்டிங் வைக்க விடாதீர்கள். பாதிக்கு மேல் முன்பணம் கேட்டால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள், என்னிடம் கேட்டது 60,000.