கடைக் கேமராப் பதிவு: கிளவுடா, என்.வி.ஆர். பெட்டியா, இரண்டுமா?

கண்காணிப்புக் கேமரா விற்பவர்கள் படத்தின் துல்லியத்தையும், இரவில் தெரியும் தூரத்தையும், விலையையும் வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காட்டுவது வழக்கம். பதிவு எங்கே போய்ச் சேருகிறது என்ற பேச்சு வந்தால், ‘எல்லாம் கிளவுட்ல இருக்கும் சார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் திருட்டு நடந்த மறுநாள் காலையில் கடைக்காரர் தேடுவது பதிவைத்தான். எனவே பதிவைச் சேமிக்கும் மூன்று வழிகளை, எது எப்போது பழுதாகும், அந்தப் பழுதைச் சரிசெய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்ற அளவுகோலைக் கொண்டு ஒப்பிடுவதே பயனுள்ளது என்று கருதுகிறேன்.

முதல் வழியில், ஒவ்வொரு கேமராவும் இணையம் வழியாகத் தன் பதிவை நேரடியாகக் கேமரா நிறுவனத்தின் சர்வருக்கு, அதாவது கிளவுடுக்கு, அனுப்புகிறது. கடைக்குள் பெட்டி எதுவும் இல்லை. இரண்டாவதில், எல்லாக் கேமராக்களும் கடைக்குள் உள்ள ஒரு என்.வி.ஆர். (நெட்வொர்க் வீடியோ ரெக்கார்டர்) பெட்டியின் ஹார்டு டிஸ்க்கில் எழுதுகின்றன. மூன்றாவது கலப்பு முறை: முழுப் பதிவு பெட்டியில் இருக்க, முக்கியமான ஓரிரு கேமராக்களின் நகல் மட்டும் கிளவுடுக்குச் செல்கிறது.

இம்மூன்றையும் எடைபோடுவதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கிளவுட் சேமிப்பைப் பற்றிய புகார்களில் பெரும்பகுதி இந்தக் கணக்கைப் போடாததால் வருபவை. விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் ஓடும் காட்சி ஒரு நாளில் 10.8 ஜிபி ஆகும். 1080 பிக்சல் தரக் கேமரா ஒன்றை 2 மெகாபிட்டில் வைத்தால் நாளுக்கு 21.6 ஜிபி, எட்டுக் கேமராக்கள் உள்ள ஒரு ஜவுளிக்கடைக்கு நாளுக்கு 172.8 ஜிபி, 30 நாளுக்கு 5,184 ஜிபி. ‘அன்லிமிடெட்’ என்ற பெயரில் விற்கப்படும் ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் மாதத்துக்கு 3,300 ஜிபி என்ற வரம்பு உண்டு. அதைத் தாண்டியதும் வேகம் சில மெகாபிட்டுகளாகச் சுருங்கிவிடும். மேற்சொன்ன கடையில் அந்த வரம்பு இருபதாம் நாளில் தீர்ந்துபோகும். அதாவது, பில் தேதியிலிருந்து பத்தொன்பது நாள் ஒழுங்காக ஓடும் பதிவு, அதன் பிறகு துண்டு துண்டாகி, அடுத்த பில் தேதியில் தானே குணமாகிவிடும். கேமராவை மாற்றியும் ரூட்டரை மாற்றியும் இந்தப் பழுது தீராது. பழுது தலைகாட்டும் தேதிகளைக் குறித்து வைத்தாலே காரணம் விளங்கிவிடும்.

இதே 5,184 ஜிபி, இரண்டாவது வழியில், ஒரே ஒரு 6 டிபி டிஸ்க்கில் அடங்கிவிடுகிறது என்பதையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும்.

நேரடி கிளவுட் முறையில் வரும் மற்ற பழுதுகளையும் சற்று நிதானமாகப் பார்க்கலாம். ‘நேரலை தெரிகிறது, பதிவு மட்டும் இல்லை’ என்பது மிகவும் பரவலான புகார். கைப்பேசி கடையின் வைஃபையிலேயே இருந்தால், நேரலை பெரும்பாலும் இணையத்தைத் தொடாமல் கடைக்குள்ளேயே வந்துசேர்ந்துவிடும்; அதைக் கண்டு இணைப்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வது தவறு. வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் திறந்து பார்ப்பதே சரியான முதல் சோதனை. அடுத்து, வேகச் சோதனையில் டவுன்லோடு எண்ணைப் பார்க்காமல் அப்லோடு எண்ணைப் பார்க்க வேண்டும். அதையும் கடை மூடிய பிறகு பார்க்காமல், கூட்டம் இருக்கும் மாலை வேளையில், பில்லிங் கணினியும் மற்றக் கருவிகளும் இயங்கும்போதே பார்க்க வேண்டும். கேமராக்கள் அப்லோடை முழுவதும் நிரப்பிவிட்டால், கல்லாவில் யுபிஐ பணம் வந்ததற்கான அறிவிப்புகூடத் தாமதமாகும். அந்தத் தாமதமே நல்ல தடயம்.

கேமரா ‘ஆன்லைன்’ என்று காட்டியும் ஒரு நிமிடப் பதிவுகூட ஏறவில்லை என்றால், ரூட்டரின் எம்.டி.யு. அளவை, அதாவது ஒரே தரவுப் பொட்டலமாக அனுப்பக்கூடிய உச்ச அளவை, பார்ப்பது நல்லது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பி.பி.பி.ஓ.இ. வகை ஃபைபர் இணைப்புகளில் ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 1,500 அல்ல, 1,492 பைட். நிலையைத் தெரிவிக்கும் சிறு பொட்டலங்கள் தடையின்றிப் போய்விடும். காட்சியைச் சுமக்கும் பெரிய பொட்டலங்கள் வழியில் தொலைந்துபோகும். பொட்டலத்தைத் துண்டாக்கக் கூடாது என்ற கட்டளையுடன் 1,464 பைட் அளவில் பிங் செய்து (சோதனைப் பொட்டலம் அனுப்பி) பதில் வந்து, 1,472இல் வராமல் போனால், ரூட்டரில் எம்.டி.யு. மதிப்பை 1,492 ஆக மாற்றிப் பார்க்க வேண்டும்.

கடிகாரமும் ஏமாற்றும். உள் பேட்டரி செத்துப்போன கேமரா, மின்தடைக்குப் பிறகு விழிக்கும்போது 1970 ஜனவரி 1 என்றோ 2000ஆம் ஆண்டு என்றோ நினைத்துக்கொண்டு விழிக்கும். அந்தத் தேதியில் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்பதால், கேமரா தானாகவே இணைப்பை மறுத்துவிடும். நேரத்தைத் திருத்தும் என்.டி.பி. சேவை, ஃபயர்வாலில் யுடிபி 123ஆம் போர்ட் அடைபட்டிருந்தால் வேலை செய்யாது. இதைவிட நுட்பமான வகை ஒன்றும் உண்டு: தொழிற்சாலையில் வைத்த சீன நேரத்தை மாற்றாமலே பொருத்திவிட்டால், கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும். இரவு பத்து மணிக்கு நடந்தது மறுநாள் 12.30 என்று பதிவாகும். கடைக்காரர் முந்தைய தேதியில் தேடிவிட்டு, பதிவே இல்லை என்று சண்டைக்குப் போவார். பதிவு பத்திரமாக இருக்கும்.

பதிவு இருந்தும் கருப்புத் திரை மட்டுமே வருமானால், எச்.265 என்ற காட்சிச் சுருக்க முறையை அந்த பிரவுசரோ செயலியோ படிக்கவில்லை என்று ஐயுறலாம். கிளவுடுக்குப் போகும் ஓட்டத்தை மட்டும் எச்.264க்கு மாற்றினால் தெரிந்துவிடும்.

பணம் சார்ந்த பழுதைத் தொழில்நுட்பக்காரர்கள் கவனிப்பதில்லை. ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், கார்டிலிருந்து தொடர்ந்து தானாகப் பணம் எடுக்க முன்பதிவு செய்த ஒப்புதல் தேவை. 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. வேண்டும். பல கேமராக்களுக்கான ஆண்டுச் சந்தா அந்த வரம்பைத் தாண்டும்போது, யாரும் ஓ.டி.பி. தராததால் சந்தா காலாவதியாகி, பழைய பதிவுகளும் அழிக்கப்படலாம். எச்சரிக்கை மின்னஞ்சல் வந்திருக்கும். ஆனால் கணக்கு கேமரா பொருத்திய டெக்னீஷியனின் மின்னஞ்சலில் தொடங்கப்பட்டிருக்கும். கணக்கு உரிமையாளரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில் இருக்கிறதா என்பதை முதல் நாளே உறுதிசெய்யாதவர், தன் கடையின் பதிவுக்குத் தானே சொந்தக்காரர் அல்ல.

இவையெல்லாம் கடைக்காரரால் தீர்க்கக்கூடியவை. சர்வர் பக்கத்துப் பழுது அப்படியல்ல. 2021 டிசம்பர் 7 அன்று அமேசானின் அமெரிக்கக் கிழக்கு டேட்டா மையங்கள் தடுமாறியபோது அமேசானுக்கே சொந்தமான ரிங் கேமராக்களும் சேர்ந்து தடுமாறின. 2024 பிப்ரவரியில் வைஸ் நிறுவனத்தின் கேமராக்கள் ஒரு கிளவுட் தடைக்குப் பின் மீண்டபோது, ஏறத்தாழ 13,000 பேருக்கு அடுத்தவர் கேமராவின் சிறுபடங்கள் காட்டப்பட்டன. இத்தகைய நேரங்களில் சேவையின் நிலையைத் தெரிவிக்கும் நிறுவனத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ரீசெட் பொத்தானை அழுத்தினால் நிலைமை மோசமாவதுதான் மிச்சம்.

என்.வி.ஆர். பெட்டியின் பழுதுகள் எண்ணிக்கையில் குறைவு, விளைவில் கொடியவை. ஹார்டு டிஸ்க் பழுதானால் பெட்டி விடாமல் ‘பீப்’ என்று கத்தும். தொந்தரவு தாங்காமல் யாராவது மெனுவுக்குள் போய் அந்த ஒலியை அணைத்துவிடுவார்கள். அதன் பிறகு திரையில் எட்டுச் சதுரங்களும் உயிரோட்டமாக ஓடிக்கொண்டிருக்க, ஒரு நொடிகூடப் பதிவாகாமல் மாதங்கள் போகும். கணினிக்கான சாதாரண டிஸ்க்கைப் போடாமல், இடைவிடாமல் எழுதுவதற்கென்றே செய்யப்பட்ட டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவற்றைப் போடுவது ஆயுளைக் கூட்டும். திருடன் பெட்டியையே தூக்கிக்கொண்டு போவதை எந்த டிஸ்க்கும் தடுக்காது. ‘போகும்போது ஹார்டு டிஸ்க்கையும் கழற்றிச் சென்றனர்’ என்ற வரி நம் செய்தித்தாள்களில் வாடிக்கையாகிவிட்டது.

ஊடுருவலைப் பொறுத்தவரை இரு தரப்புக்கும் பெருமைப்பட எதுவும் இல்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல், மாற்றப்படாத தொழிற்சாலைக் கடவுச்சொற்களைக் கொண்டே கேமராக்களையும் டி.வி.ஆர். பெட்டிகளையும் கூட்டமாகக் கைப்பற்றியது. கிளவுட் தரப்பில், 2021 மார்ச்சில் வெர்காடா நிறுவனத்தின் உயர்நிலை நிர்வாகக் கணக்கு ஒன்று சிக்கியதால், ஏறத்தாழ 1,50,000 கேமராக்களின் காட்சிகள் அந்நியர் கண்ணில் பட்டன. கடைப் பெட்டியின் ஓட்டையைக் கடைக்காரர் அடைக்கலாம், அதற்காக, வெளியிலிருந்து பெட்டிக்கு நேரடி வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங்கை நிறுத்தி, பெட்டியின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் பெரும்பகுதி முடிந்தது. நிறுவனத்தின் ஓட்டையை அவர் செய்தியில்தான் படிப்பார்.

வழக்கு என்று வரும்போதும் வேறுபாடு உண்டு. மூலக் கருவியையே நீதிமன்றத்தில் முன்வைக்க முடியாதபோது மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவும் சான்றிதழைக் கேட்கிறது. அதன் படிவத்தில், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்ட உதவும் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். பெட்டி கையில் இருந்தால் அதைக் காவல்துறையிடம் ஒப்படைக்கலாம். கிளவுடில் மட்டும் பதிவு இருந்தால், மூலக் கோப்பைத் தரவிறக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்காமல், ஹாஷ் கணக்கிட்டு வைத்திருப்பது கடைக்காரரின் பொறுப்பாகிறது. கிளவுட் நிறுவனம் பதிவை வைத்திருக்கும் தக்கவைப்புக் காலம் முடிவதற்குள் அதைச் செய்தாக வேண்டும்.

இந்தக் காரணங்களால், ஒரே இடத்தில் நான்குக்கு மேற்பட்ட கேமராக்கள் உள்ள கடைக்குக் கலப்பு முறையையே பரிந்துரைப்பேன். மேற்சொன்ன ஜவுளிக்கடையின் எட்டுக் கேமராக்களும் பெட்டியில் எழுதட்டும். கல்லாவும் வாசலும் மட்டும் கிளவுடுக்கும் போகட்டும். அந்த இரண்டும் சேர்ந்து மாதத்துக்கு 1,296 ஜிபி மட்டுமே ஆகின்றன. தரம் குறைத்த அரை மெகாபிட் துணை ஓட்டமாக அனுப்பினால் 324 ஜிபி போதும். அவ்விரண்டு கேமராக்களிலும் 128 ஜிபி எஸ்டி கார்டு போட்டால், 2 மெகாபிட்டில் ஐந்து நாளுக்கு மேல் அங்கேயே தங்கும். கேமராவுக்கும் பெட்டிக்கும் இடையே கேபிள் அறுந்திருந்த நேரத்துப் பதிவை, ஹிக்விஷன் ‘ஏ.என்.ஆர்.’ என்று அழைப்பது போன்ற வசதியுள்ள கருவிகள் பின்னர் தாமே நிரப்பிக்கொள்ளும். செலவு கூடுவதும், பழுது தேட வேண்டிய இடங்கள் கூடுவதும் இம்முறையின் குறைகள்.

நேரடி கிளவுட் வெல்லும் இடமும் உண்டு: பல ஊர்களில் கிளைகள் உள்ள மருந்துக்கடை, கிளைக்கு ஓரிரு கேமராக்கள், பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நிலை. அங்கே கிளைதோறும் டிஸ்க்கைச் சோதிக்க ஆள் அனுப்புவதைவிடச் சந்தா மலிவு. மாறாக, இணையம் சரியாக எட்டாத கிடங்குக்குப் பெட்டி மட்டுமே பொருந்தும், அதையும் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறும் உயரத்துக்கு மேல், பூட்டிய இரும்புக் கூண்டுக்குள் வைக்க வேண்டும். எந்த முறையானாலும், யுபிஎஸ் வாங்கும்போது பெட்டியையும் கேமராக்களையும் அதில் இணைத்துவிட்டு, சுவரில் தொங்கும் ஃபைபர் மோடத்தையும் ரூட்டரையும் சாதாரண பிளக்கில் விட்டுவிடுவது பரவலாக நடக்கிறது. மின்சாரம் போனதும் கிளவுட் பதிவு அந்த நொடியே நின்றுவிடும். மெயின் சுவிட்சை ஒரு முறை அணைத்துப் பத்து நிமிடம் காத்திருந்து, அந்தப் பத்து நிமிடக் காட்சி கிளவுடில் ஏறியிருக்கிறதா என்று மொபைல் டேட்டாவில் பார்த்த பிறகே டெக்னீஷியனுக்கு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.